பொஸ்டன் நகரின் வைசூரிக் கணக்கு

கொள்ளைநோய் ஒன்று ஊருக்குள் புகும்போது மக்களின் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. நோயைப் பற்றிய அச்சம் ஒன்று. அந்நோயைத் தடுக்கும் எனக் கூறப்படும் சிகிச்சையைப் பற்றிய அச்சம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு, எண்களைக்கொண்டு நிறுத்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையதன்று. அவ்வழக்கம் தோன்றிய வரலாற்றில், 1721 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பரவிய வைசூரிக்குத் தனியிடம் உண்டு.

அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கப்பலொன்று, பெரியம்மை எனவும் வழங்கும் வைசூரியைப் பொஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. நகரின் குடித்தொகை அப்போது ஏறக்குறைய 11,000. முன்னர் 1702 ஆம் ஆண்டில் இந்நோய் அங்கே பரவியிருந்தது. ஒருமுறை வைசூரி கண்டு பிழைத்தவரை அது மீண்டும் அணுகுவது அரிது. ஆதலின், இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளும் இளைஞருமே எவ்விதக் காப்புமின்றி நோயின் முன் நின்றனர்.

கொட்டன் மேதர் என்னும் மதகுரு அந்நகரிற் பெருஞ் செல்வாக்கு உடையவர். அவர் வீட்டில் ஒனெசிமஸ் என்னும் ஆபிரிக்கர் ஒருவர் அடிமையாக இருந்தார். வைசூரி கண்டதுண்டா என மேதர் வினவியபோது, தம் தாய்நாட்டில் அம்மை குத்தும் வழக்கம் உண்டென்றும், தமக்கும் அவ்வாறு செய்யப்பட்டதென்றும் அவர் விடை கூறினார். நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நோயற்றவரின் தோலிற் சிறிது கீறி வைப்பதே அம்முறை. அவ்வாறு குத்தப்பட்டவருக்கு வைசூரி பெரும்பாலும் மெல்லியதாகவே வரும். பின்னர் ஆயுட்காலக் காப்புக் கிடைக்கும். துருக்கியிலும் இவ்வழக்கம் உண்டென இலண்டன் அரச கழகம் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து மேதர் அறிந்தார். நோய் பரவத் தொடங்கியதும் அவர் நகரத்து வைத்தியர்களுக்கு இதனை எழுதி அறிவித்தார். அவர்களுள் செயலில் இறங்கியவர் சப்டியல் பொயில்ஸ்டன் ஒருவரே.

பொயில்ஸ்டன் ஜூன் 26 ஆந் தேதி தம் ஆறு வயது மகனுக்கும், தம் வீட்டில் அடிமைகளாக இருந்த ஒருவருக்கும் அவருடைய சிறு குழந்தைக்கும் அம்மை குத்தினார். அடிமைகளுக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது. மூவரும் பிழைத்தனர். ஆயினும் நகரம் கொதித்தெழுந்தது. நகரத் தலைவர்கள் அம்மை குத்துதலைத் தடை செய்தனர். நவம்பர் மாதத்தில் மேதரின் வீட்டினுள் வெடிகுண்டு ஒன்று எறியப்பட்டது, அது வெடிக்கவில்லை.

எதிர்த்தோர் அனைவரும் அறியாமையால் எதிர்த்தனர் எனக் கொள்வது தவறு. அவர்களுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் டக்ளஸ், அந்நகரில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே வைத்தியர். சோதித்துப் பாராத முறையை மக்களிடையே புகுத்தலாமா என அவர் கேட்டார். அம்மை குத்தப்பட்டவர் உண்மையான வைசூரியையே தாங்குகின்றார்; அவரிடமிருந்து அயலவருக்கும் நோய் தொற்றலாம். தன் பிள்ளையைக் காக்க விழையும் ஒருவர் அடுத்த வீட்டுப் பிள்ளையை ஆபத்துக்குள்ளாக்கலாமா? இவ்வினா நியாயமானது. இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டில் இம்முறையைச் சட்டம் தடுத்தமைக்கு இவ்வாபத்தும் ஒரு காரணமாயிற்று.

நோய் ஓய்ந்தபின் கணக்குப் பார்க்கப்பட்டது. இயல்பாக வைசூரி கண்டோர் ஏறக்குறைய 6,000 பேர். அவர்களுள் 844 பேர் இறந்தனர். அஃதாவது, ஏழு பேரில் ஒருவர். பொயில்ஸ்டன் அம்மை குத்தியோர் ஏறத்தாழ 240 பேர். அவர்களுள் இறந்தோர் 6 பேர். அஃதாவது, நாற்பது பேரில் ஒருவர். சிகிச்சை ஆபத்தற்றது என இக்கணக்குக் கூறவில்லை; நோயின் ஆபத்து அதனினும் பன்மடங்கு பெரிது என்றே கூறியது. டக்ளஸ் தாமும் பிற்காலத்தில் இம்முறையை ஏற்றுக்கொண்டார்.

இலண்டனில் அரச கழகத்தின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் ஜூரின், பல ஊர்களிலிருந்தும் இத்தகைய எண்களைத் திரட்டி வெளியிட்டார். பின்னர் 1760 ஆம் ஆண்டில் டானியேல் பேர்நூலி என்னும் கணித அறிஞர், அனைவருக்கும் அம்மை குத்தினால் மக்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் கூடும் எனக் கணித்தார். அவர் காலத்தவரான தலம்பேர் அம்மை குத்துதலை வெறுத்தவரல்லர். எனினும் அக்கணக்கை மறுத்துரைத்தார். வாழ்வின் இறுதியிற் கிடைக்கும் சில ஆண்டுகளுக்காக இன்றோ நாளையோ இறக்கும் ஆபத்தை ஏற்பது எளிதன்று என்றும், அரசு காணும் இலாபமும் தனி மனிதர் காணும் இலாபமும் ஒன்றல்ல என்றும் அவர் சுட்டிக் காட்டினார். சராசரி எண் தாயின் அச்சத்தைத் தீர்ப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வச்சத்தின் விலையை அறிந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1736 ஆம் ஆண்டில், அம்மை குத்தப்படாத அவருடைய நான்கு வயது மகன் வைசூரியால் இறந்தான். அதனை எண்ணி நெடுங்காலம் வருந்திய அவர், தம் வாழ்க்கை வரலாற்றிற் பெற்றோருக்கு ஓர் அறிவுரை எழுதி வைத்தார். குத்தியதாற் பிள்ளை இறந்தாலும், குத்தாமையால் இறந்தாலும் துயரம் ஒன்றே. ஆதலின் ஆபத்துக் குறைந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே அதன் கருத்து.

எட்வர்ட் ஜென்னர் 1796 ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலைக் குத்தி வைசூரியைத் தடுக்கலாம் எனக் காட்டியபின், தராசின் ஒரு தட்டு மிக இலேசாயிற்று. அம்மைப்பால் வைசூரியைப் பிறருக்குத் தொற்றச் செய்வதில்லை. அதனால் இறப்போரும் மிகச் சிலரே. அது 1802 ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 1980 ஆம் ஆண்டில் வைசூரி உலகினின்று ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆயினும் அதற்கு முன்னரே, 1971 இல் பிரித்தானியாவும் 1972 இல் ஐக்கிய அமெரிக்காவும் பிள்ளைகள் அனைவருக்கும் அம்மைப்பால் குத்துவதை நிறுத்திவிட்டன. அந்நாடுகளில் நோய் அற்றுப்போனமையால், அம்மைப்பாலின் சிறிய ஆபத்தே பெரிதாயிற்று. கோவிட் பரவிய காலத்தில், 2021 ஆம் ஆண்டில், ஒருவகைத் தடுப்பூசியால் அரிதாக இரத்தம் உறைவதைக் கண்ட பிரித்தானியா, இளவயதினருக்கு வேறு தடுப்பூசியை வழங்குமாறு விதித்தது. முதியோருக்கோ அதே ஊசி தொடர்ந்து வழங்கப்பட்டது; அவர்களுக்கு நோயின் ஆபத்தே மிகுதி.

ஆகவே, ஒரு தடுப்பு மருந்து நன்றா தீதா எனப் பொதுப்படக் கேட்பதிற் பயன் சிறிது. எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு, எவ்வளவு பரவியுள்ள காலத்தில் என்பனவற்றைச் சேர்த்தே கேட்டல் வேண்டும். மருந்தால் இறந்தோரையும் மறையாது எண்ணி, நோயால் இறந்தோரின் பக்கத்தில் எழுதி வைத்தமையே பொஸ்டன் நகரின் கணக்கு விட்டுச்சென்ற பாடமாகும். 844 என்ற எண்ணோடு 6 என்ற எண்ணும் வெளியிடப்பட்டமையாலேதான் உலகம் அக்கணக்கை நம்பிற்று.