நிழல் இருந்த கரை

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைத் தென்னை நாடு என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறார்கள். வென்னப்புவையில் பஸ் ஏறி, சிலாபம், முந்தல், மதுரங்குளி என்று வடக்கே வந்தால் பாலாவிச் சந்தி வரைக்கும் கண்ணில் படுவது தென்னைதான். அங்கிருந்து மேற்கே கற்பிட்டி வீதியில் திரும்பினாலும் தென்னை விடாது. லுணுவிலவில் 1929 முதல் தென்னைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கற்பிட்டிப் பக்கத்துப் பாடசாலையில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கோடை நாளில், வகுப்பறைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை கேட்டாள்: "தென்னைக்கு முந்தி இங்க என்ன டீச்சர் இருந்திச்சி?" பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் சேர்த்து வைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முந்தி இருந்தது காடு. 1344-இல் இந்தக் கரையில் இறங்கிய இப்னு பதூதா, தான் 'பத்தாலா' என்று எழுதிய ஊரில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த ஊருக்கு மரத்தால் மதில் இருந்தது, காவற்கோபுரங்களும் மரத்தால் ஆனவை என்று குறித்திருக்கிறார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. மலபார்க்காரரும் மஃபர்க்காரரும் அவற்றை விலையின்றி ஏற்றிக்கொண்டு, அரசனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகத் தந்தார்கள். ஊருக்கு மதில் எழுப்பப் போதுமான மரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற காலம் அது. அந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் கலா ஓயாவைக் கடந்து வில்பத்துவுக்குப் போகலாம். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் இன்னும் அங்கே நிற்கின்றன.

காட்டு நிழல் வேறு, ஊர் நிழல் வேறு. ஊர் நிழலை மனிதர்தான் உண்டாக்கினார்கள். எங்கள் கரையில் அதை உண்டாக்கிய முதற் காரணம் உப்பு என்பது என் துணிபு. கண்டி இராச்சியத்துக்கு உப்பு போன வழிகளில் புத்தளம் முக்கியமானது. பொதிமாட்டுத் தவளங்கள் மலைநாட்டிலிருந்து பாக்கு கொண்டு வந்தன, இங்கிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிப் போயின. ஒல்லாந்தர் இந்தத் துறையைத் தம் கைக்குள் கொண்டு வந்து கண்டியை நெருக்கியதும் உப்பை வைத்துத்தான். பொதி சுமந்த மாடு உச்சி வெயிலில் நடக்காது. விடியலில் நடந்து, வெயில் ஏறியதும் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் தண்ணீரும் நிழலும் வேண்டும். கிணற்றடிப் புளியும் குளக்கட்டு மருதும் முச்சந்தி ஆலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் நின்றன. ஆலங்குடா, புளிச்சாக்குளம், தில்லையடி என்று மரங்களின் பெயரோடு ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

மருதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சிங்களவர் கும்புக் என்பார்கள். புத்தளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் தெதுரு ஓயாவும் மீ ஓயாவும் கரை மீறும். பள்ளக் காணிகளில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். பிறகு வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசும், துளி மழை விழாது. வெள்ளத்தில் வேர் அழுகாமலும் வறட்சியில் இலை கருகாமலும் நிற்கிற மரத்தைத்தான் இந்த நிலம் ஏற்கும். மருது அப்படிப்பட்டது. ஆற்றங்கரையில் தண்ணீருக்குள்ளேயே வேர்களை இறக்கி நிற்கும், வெள்ளத்தில் கரை இடியாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதைச் சுட்டெடுத்த சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் பாவித்தார்கள். மருதடிக் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. நானும் அப்படித்தான் குடித்து வளர்ந்தேன்.

வழிபாட்டிடங்களும் நிழலைக் காத்தன. தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்தின் தொடக்கக் கதையே ஒரு மரத்தடியில் நடக்கிறது. மன்னாரிலிருந்து கொழும்பு நோக்கி நடந்த போர்த்துக்கேயர் ஒருவர் களைத்துப்போய் ஆலமரத்தடியில் படுத்துறங்கினார், கனவில் அன்னம்மாளைக் கண்டார் என்று சொல்வார்கள். பெருநாள் காலத்தில் வந்து குவியும் கத்தோலிக்கர்கள் இன்றும் தேவாலயத்தைச் சுற்றியுள்ள மரங்களின் கீழே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். எங்கள் பள்ளிவாசல் முற்றங்களில் வேம்பு. உடப்புக் கோயிலடியில் அரசும் வேம்பும். மதம் எதுவானாலும் கிணறும் நிழலும் பொதுவில் இருந்தன. யாருடைய காணி என்று யாரும் கேட்கவில்லை.

ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667-இல் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கொழும்பின் தெருவோரங்களில் அவர்கள் நிழலுக்காக வரிசையாக நட்டது பூவரசு. எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் அந்த வரிசைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பூவரசை யாரும் கப்பலில் கொண்டு வரவில்லை. உப்புக் காற்றையும் உவர் மண்ணையும் தாங்கி, வெப்பக் கடற்கரைகளில் தானாக வளரும் மரம் அது. ஒல்லாந்தர் வருவதற்கு முன்பே எங்கள் வேலிகளில் கதியாலாக நின்றது. ஒரு கிளையை வெட்டி மாரியில் ஊன்றினால் தளிர்த்துவிடும். இலை ஆட்டுக்கு, வைரம் பாய்ந்த கட்டை வண்டிக்கும் தோணிக்கும் உரலுக்கும். காலையில் மஞ்சளாக விரிந்த பூ அந்தியில் சிவந்து உதிரும். கற்பிட்டியிலே பிறந்து 1834-இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் தொகுத்து நூல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, சிறுவனாக நடந்த தெருக்களிலும் பூவரசு நின்றிருக்கும் என்று நினைக்க எனக்கு விருப்பம்.

ஆங்கிலேயருக்கு நிழல் என்றால் ஓக் மரம். இலங்கையிலோ இயற்கையாக ஓக் கிடையாது, தென்னிந்தியாவிலும் இல்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை. எங்கள் காட்டுக் கூழா மரத்துக்கு 'சிலோன் ஓக்' என்று பெயர் வைத்தார்கள். அது ஓக்குக்கு எந்த வகையிலும் உறவில்லை. பூந்திக்கொட்டை, லிச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. துளிர் விடும்போது மரமே செம்பு நிறத்தில் தகதகக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த கூழாம்பழத்தை உப்புத் தொட்டுத் தின்னாத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் 'சில்வர் ஓக்' என்று நிற்பதும் ஓக் அல்ல, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குலம்.

ஹூஸ்டனில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு தெருப்படம் அனுப்பியிருந்தாள். இரு பக்கமும் மரங்கள் நடுவீதியில் கைகோத்து நின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்துக்கு உரிய லைவ் ஓக் அது. எங்களைப் போலவே புழுக்கமும் புயலும் உப்புக் காற்றும் உள்ள கரை. உயரத்தைக் காட்டிலும் அகலமாய்ப் படரும். குளிர்காலத்திலும் பச்சை குறையாது. 1797-இல் பாஸ்டனில் கடலில் இறக்கிய கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பலின் விலா அந்த மரந்தான். கப்பலுக்காக அதை வெட்டித் தள்ளிய நாடு, மிஞ்சியதைத் தெருவுக்கும் சதுக்கத்துக்கும் கொண்டு வந்து நட்டு வளர்த்தது. அந்தக் கரைக்கு அந்த மண்ணின் மரம். எங்கள் கரைக்கும் அப்படி மரங்கள் இருந்தன, இருக்கின்றன. நாம்தான் அவற்றை வரிசையிலிருந்து விலக்கிவிட்டோம்.

எப்போது விலக்கினோம்? 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியாட்சிக்கு உரியதாக்கியது. மலையில் கோப்பிக்கு நடந்தது இங்கே தென்னைக்கு நடந்தது. காடு காணியாகி விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் எரித்துத் துப்புரவாக்கித் தென்னை வைத்தார்கள். முதிரையும் கருங்காலியும் தளபாடத்துக்குப் போயின, பாலை ரயில் சிலிப்பர் கட்டையானது. 1916-இல் சிலாபத்துக்கும் 1926-இல் புத்தளத்துக்கும் ரயில் வந்தது. தேங்காயும் கொப்பராவும் ஏற்றிப் போக வழி பிறந்ததும் மிச்ச இடங்களும் தோப்பாயின.

தென்னையை நான் பழிக்கவில்லை. எங்களைப் படிக்க வைத்தது அதுதான். ஆனால் தென்னந்தோட்டத்தில் அடிக்கு அடி கணக்கு உண்டு. 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம். நடுவில் ஒரு புளியோ மருதோ நின்றால் வேர் போட்டியிடும், வெளிச்சத்தை மறைக்கும் என்று வெட்டிவிடுவார்கள். வழிப்போக்கர் கிணறு தோட்ட வேலிக்குள் போனது, கிணற்றடி மரமும் போனது. என் உம்மும்மா சொல்வார்: "தென்ன நெழல் தராது மகள், காசுதான் தரும்." அவர் வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற பூவரசை மட்டும் சாகும் வரை யாரையும் தொட விடவில்லை.

1980-களில் இறால் பண்ணைகள் வந்தன. களப்போரக் கண்டலையும் கண்ணாவையும் வழித்துக் குளம் வெட்டினார்கள். 1996-இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது. கைவிட்ட குளங்கள் பல இன்றும் உப்புப் பூத்த மொட்டை நிலமாகக் கிடக்கின்றன. சிலாபத்துக்குத் தெற்கே பம்பலவில் 2016-இல் கண்டல் காடுகளுக்கென ஓர் அரும்பொருட்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

நிழல் என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்குக் கற்றுத் தந்தது 1990. அந்த ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்துக்கே வந்தார்கள். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. மாரி முழுக்கத் தரையில் தண்ணீர் நின்றது. மாசி பிறந்ததும் ஓலை இடுக்கு வழியாக வெயில் நேராகக் குடிசைக்குள் விழுந்தது. பாடசாலையில் இடமில்லாததால் பின்னேர வகுப்பைப் புளியமரத்தடியில் நடத்தினோம். முசலியிலிருந்து வந்த ஒரு தாய் குடிசை கட்டிய கையோடு வேப்பங்கன்று ஒன்றைத் தேடிப் பிடித்து நட்டார். "எத்தன நாளைக்கு இருப்பமோ தெரியாது டீச்சர். இருக்கிற வரைக்கும் புள்ளயளுக்கு நெழல் வேணுந்தானே" என்றார். அந்த வேம்பு இப்போது ஒரு வளவையே மூடி நிற்கிறது. வேறு ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் நட்ட மரங்களின் கீழேதான் அந்தப் பக்கத்துப் பஸ் தரிப்பிடம் இருக்கிறது.

வீதி அகலிப்பு வந்தபோது எங்கள் பாடசாலை முன்னால் நின்ற பூவரசு வரிசை ஒரே நாளில் விழுந்தது. பதிலுக்குத் தொட்டிகளில் பூச்செடியும் பெயர் தெரியாத அழகுமரங்களும் வந்தன. இரண்டு சோளகம் தாண்டவில்லை. கற்பிட்டிப் பக்கம் வருகிற உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுவதற்குப் பெருக்க மரம் நடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அராபிய வணிகர் கொண்டு வந்ததென்று சொல்லப்படும் அந்த மரம் பார்க்கப் பெரியதுதான். மன்னாரில் நிற்பது போற்றிக் காக்க வேண்டியதுதான். ஆனால் வெயில் உச்சத்தில் இலை உதிர்த்து நிற்கும் மரத்தை நிழலுக்கென்று நட முடியாது.

பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் மீண்டும் நட்டோம். பூவரசைக் கதியாலாக ஊன்றினால் சீக்கிரம் தழைக்கும். ஆனால் கோணலாக வளர்ந்து, பல நேரம் உள்ளே கோறையாகிவிடும். ஆகவே நெற்றைப் பொறுக்கி, விதையின் ஒரு முனையைச் சற்றே உரசி, இரவு தண்ணீரில் ஊறப்போட்டு முளைக்க வைத்தோம். கற்பிட்டி மணல் தண்ணீர் பிடிக்காது. முழம் இரண்டுக்குக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, குளத்து வண்டலும் ஆட்டெருவும் போட்டு நட்டால் வேர் பிடிக்கும். மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மருதுதான். அங்கேயும் கன்றுக்கு ஒரு முழ மேடு கட்ட வேண்டும், முதல் மாரியில் அது மூழ்கிவிடக் கூடாது. கடலுக்கு நேரே புன்னை. மேட்டு நிலத்தில் புளியும் வேம்பும். பொறுமை உள்ளவர்கள் பாலை நடலாம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் எந்தக் கோடையிலும் மொட்டையாகாது. கன்றைச் சுற்றி முள் அடைக்காவிட்டால் ஆடும் கழுதையும் ஒரே இரவில் முடித்துவிடும்.

பிரதேச சபைகளுக்கும் வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கும் நான் கேட்பது இதுதான்: பஸ் தரிப்பிடம், பாடசாலை வாசல், மீன் ஏலம் போடும் கரை, மையவாடி, கோயில் வீதி என்று பொது நிலத்தில் நடும் மரங்களை இந்த மண்ணின் மரங்களிலிருந்தே தெரிவு செய்யுங்கள். வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்கி மண் நனைந்ததும் உங்கள் வளவுக்கு வெளியே, வீதியோரமாக, ஒரு பூவரசோ மருதோ வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.