கோணேசர் கடலும் ஒரு திரைப்படமும்

பெரும் பொருளை எடுத்துக்கொண்டு சிறு பயனையே தந்த திரைப்படங்கள் தமிழுலகிற்குப் புதியன அல்ல. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு வாய்க்காத சிறப்பு யாது? நாடறிந்த கதை, நந்தனாராகக் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அம்மையாருக்கு அளித்த ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஆயினும் படம் தோல்வியுற்றது. எருமையும் ஆடும் பனைமரமுமே நன்றாக நடித்திருந்தன என்ற கருத்துப்பட எழுத்தாளர் கல்கி கேலி செய்தார். அதே கதையை 1942இல் தண்டபாணி தேசிகரைக் கொண்டு ஜெமினி நிறுவனத்தார் எடுத்தபோது மக்கள் மனமுவந்து ஏற்றனர். குறை கதையில் இல்லை என்பது ஏழாண்டுகளில் தெளிவாயிற்று.

தோற்ற படத்தின் குறையைக் காண்பது எளிது. வெற்றி பெற்ற படமொன்று தான் எடுத்த பொருளைக் கைநழுவ விட்டிருப்பின், அதனைக் காண்பார் அரியர். அத்தகைய படம் ஒன்று திருகோணமலைக் கடலிலே எடுக்கப்பட்டது. அதன் பெயர் 'ரன் முத்து தூவ'. பொன்னும் முத்தும் நிறைந்த தீவு எனப் பொருள்படும். 1962இல் வெளிவந்த அப்படமே சிங்கள மொழியின் முதல் முழுநீள வண்ணப் படம்.

அதன் பொருள் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம் திருக்கோணமலை. சுவாமிமலையின் உச்சியிலும் இடையிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தனவெனப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதினார். தளபதி கொன்ஸ்தந்தினோ டி சா காலத்தில், 1620களில், அவை இடிக்கப்பட்டன. கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின. எஞ்சியவை பாறையிலிருந்து கடலுக்குள் வீழ்ந்தன. இரட்டைக் கயல் பொறித்த கல்லொன்றைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். வடக்கே சாம்பல்தீவு, நிலாவெளி முதல் தெற்கே கொட்டியாரக் குடா வரை வாழும் சைவ மக்கள், கோயிலில்லாத அப்பாறையை நோக்கியே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கைகூப்பி வந்தனர். 1950இல் கிணறு தோண்டியபோது, அக்காலத்தில் மண்ணுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த விக்கிரகங்கள் வெளிப்பட்டமை அவர்களுக்கு எத்தகைய செய்தியாயிருந்திருக்கும்!

1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும், நீர்மூழ்கியும் படப்பிடிப்பாளருமான மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தனர். சுவாமிமலையின் அடியில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் பாசி படர்ந்து கிடக்கக் கண்டனர். 1957இல் கிளார்க் வெளியிட்ட நூல் அதனை உலகறியச் செய்தது. இதனினும் சிறந்த கதைக்கருவை எந்தப் படமுதலாளி விலை கொடுத்து வாங்க இயலும்?

வில்சனே படத்தை இயக்கினார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கீழைக்கரைக் கடல் அடங்கித் தெளியும்; அத்தெளிவைக் கமெரா நன்கு பயன்கொண்டது. கடலடியை வண்ணத்தில் அதற்குமுன் கண்டிராத மக்கள் திரளாக வந்தனர். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம, ஜீவராணி குருகுலசூரிய ஆகியோர் நடித்தனர். அமரதேவ அமைத்த இசையும், அவரும் நந்தா மாலினியும் இணைந்து பாடிய பாடலும் இன்றளவும் வாழ்கின்றன. இவற்றையெல்லாம் மறுப்பது நேர்மையன்று.

கதையோ புதையற் கதையாகச் சுருங்கிற்று. கடலடியில் செல்வம், அதைத் தேடும் வீரர், கவர முயலும் கயவர், இடையே காதல். உலகின் எந்தக் கடலுக்கும் பொருந்தும் கதை இது. கல் ஏன் கடலுக்குள் வந்தது, யார் இடித்தார், யார் இழந்தார் என்னும் வினாக்களே இவ்விடத்திற்கு உரியவை. அவற்றுக்கு ஈடான விடை படத்தில் இல்லை. ஒரு மக்களின் மூலத்தானம் பணப்பெட்டி கிடக்கும் இடமாயிற்று. சாகசப் படத்திடம் வரலாற்றுப் பாடம் கேட்கலாமா என்று சிலர் வினவுவர். பாடம் வேண்டுவதில்லை. பாறையின் மேல் நின்று கடலை நோக்கும் ஒரு முதியவரின் முகத்தில் கமெரா சற்றே தங்கியிருந்தாலும் போதும்.

கண்டோர் காணாத படம் ஒன்று அதே காலத்தில் கரைமீது நிகழ்ந்துகொண்டிருந்தது. படம் வெளிவந்த மறு ஆண்டே, 1963 மார்ச் மாதத்தில், சுவாமிமலை உச்சியில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. மண்ணிலிருந்து மீண்ட மூர்த்திகள் மீண்டும் பூசை கொண்டனர். வில்சன் கூட்டத்தார் கடலடியிலிருந்து எடுத்த லிங்கமும் அங்கு இடம் பெற்றது.

வில்சன் பின்னர் வேறு படங்களும் எடுத்தார். 1967இல் வந்த 'சொருங்கெத் சொரு' ஜேம்ஸ் பாண்ட் பாணியை நையாண்டி செய்வது. அதன்பின் கமெராவைத் துறந்து காவி உடுத்தார். சுவாமி சிவகல்கி என்னும் பெயர் பூண்டு, கோணேசர் கடலில் தாம் கண்டதைப் பக்தராக எழுதினார். 1995இல் இறந்த அவரது எழுத்தில் அந்தப் பாறையும் கடலும் லிங்கமும் உள்ளன, புதையல் இல்லை.