சிவப்புக் கார்டும் வேலைப் பெர்மிட்டும்



முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது பிறப்புப் பத்திரத்தைத்தான். “சூராட் பிரானாக் எங்கே?” என்றதும் சில தாய்மார்களின் முகம் வாடிவிடுகிறது. ஒரு தாளுக்கா இத்தனை கெடுபிடி என்று மனத்தாங்கல் கொள்வோரும் உண்டு. அந்தத் தாள் இல்லாமல் நம் பாட்டன் பாட்டிமார் வேலைக்கு அலைந்த கதையை இன்று பேசுவோம்.

1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அதற்குப் பின் இங்கே பிறந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் பிறந்த நம்மவரில் பெரும்பாலோரும், கப்பலில் வந்தவர்களும் மனுப் போட்டுத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. பலர் போடவில்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு ஏது பத்திரம்? எழுத்து வாசனை இல்லாதவர், எல்லாவற்றையும் கிராணி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போகத்தானே போகிறோம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு, மற்றவர்களுக்குச் சிவப்பு. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது கார்டின் நிறத்தை யார் பார்த்தார்கள்?

பார்க்கும் காலம் வந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்ற விதி 1969-இல் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த நேரம் அது. குடிமக்களுக்கே முதலிடம் என்பதில் குறை காண நமக்கு மனமில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் இந்த மண்ணில் பால் வெட்டியவரை அந்நியர் என்றபோது அவர் எங்கே போவார்?

அதற்கு முன்பே தோட்டத் துண்டாடல் நம்மவரை உலுக்கியிருந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். துண்டு நிலத்துக்காரருக்கு இத்தனை ஆட்கள் எதற்கு? லயம், பிள்ளைக் காப்பகம், ஆஸ்பத்திரி எல்லாம் அவருக்கு வீண்செலவு. இதைத் தடுக்கத்தான் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பெரிய காரியம்தான். இருந்தாலும் சிவப்புக் கார்டை நீலமாக்க அந்தச் சங்கத்தால் ஆகுமா?

எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் அந்த அலைச்சலைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பால் வாளியைக் கீழே வைத்த மறுநாளிலிருந்து தோட்டம் தோட்டமாக நடந்தாராம். “கை சுத்தமாக வெட்டுவேன், மரத்தைக் காயப்படுத்த மாட்டேன்” என்று சொல்லி முடிக்குமுன், “கார்டைக் காட்டு” என்பார்களாம். ஈப்போப் பட்டணத்துக் கடைகளிலும் அதே கேள்வி. வேலை தெரியாது என்று யாரும் அவரைத் தள்ளவில்லை என்பதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறாத ஆற்றாமை.

பெர்மிட் கிடைக்காமலும், இனிக் கிடைக்காது என்று அஞ்சியும் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் தாயகம் திரும்பினார்கள் என்பது கணக்கு. சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு பினாங்கில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினார்கள். அங்கேயும் வேலை தேட வேண்டியிருந்தது. அவர்கள் கைக்குப் பழகியது பால் வெட்டு ஒன்றுதான். தமிழ்நாட்டிலோ பால்மரம் பெரும்பாலும் கன்னியாகுமரிப் பக்கம்தான் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்காட்டில் உளிக் கத்திக்கு என்ன வேலை?