ஐபாடுக்கு முன் சிங்கப்பூரில் பிறந்த பட்டியல்

நீளமான பதிவுதான். சாவகாசமாகப் படியுங்கள்.

"ஐபாடைக் கண்டுபிடித்தது ஆப்பிள்தானே சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பெட்டி ஆப்பிளுடையதுதான். ஆனால் அந்தப் பெட்டியின் திரையில் ஓடிய பட்டியலுக்காகச் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்தது. இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தபோது அதில் திரையே கிடையாது. தேவையும் இல்லை. ஒரு கேசட்டில் இருப்பது பத்துப் பன்னிரண்டு பாட்டு. உறையில் பேனாவால் எழுதி வைத்தால் போதும். அடுத்து எந்தப் பாட்டு என்பது நமக்கு மனப்பாடம். 1998-ல் கொரியாவின் எம்பிமேன், அமெரிக்காவின் ரியோ என்று எம்.பி.3 கருவிகள் வந்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. 32 எம்.பி. நினைவகத்தில் எத்தனை பாட்டுதான் கொள்ளும்? ரியோவைத் தடை செய்யச் சொல்லி இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. அது தனிக் கதை. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சிக்கல் தொடங்கியது ஹார்ட் டிஸ்க் உள்ளே வந்தபோது. 2000-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'நோமாட் ஜூக்பாக்ஸ்' என்ற கருவியை வெளியிட்டது. பார்க்க சி.டி. பிளேயர் மாதிரி இருக்கும், கனமும் கொஞ்சம் அதிகம். உள்ளே மடிக்கணினியில் போடும் 6 ஜி.பி. வட்டு. ஆயிரத்துக்கும் மேல் பாட்டு. இப்போது கேள்வி, ஆயிரம் பாட்டில் எனக்கு வேண்டிய ஒன்றை எப்படி எடுப்பது? 'அடுத்தது, அடுத்தது' என்று எத்தனை தடவை பொத்தானை அழுத்துவது?

நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், அவருடைய வாழ்நாள் வேலையே இதுதான். ஒரு புத்தகத்துக்குப் பல முகங்கள் உண்டு. பொருள் ஒரு முகம், இடம் ஒரு முகம், காலம் ஒரு முகம். எந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வாசகன் அந்தப் புத்தகத்தில் வந்து சேர வேண்டும். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் சாரம் அது. சிங்கப்பூர்க்காரர்கள் அவரைப் படித்துவிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி ஒன்று, விடையும் ஒரே திசையில் வந்தது, அவ்வளவுதான்.

பாட்டுக் கோப்புக்குள்ளேயே சின்னக் குறிப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்கு ஐடி3 என்று பெயர். 1996-ல் வந்த முதல் வடிவத்தில் கோப்பின் கடைசியில் 128 பைட் இடம். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, கருத்துக்கு 30, வகைக்கு ஒரே ஓர் எண். கிரியேட்டிவ் செய்தது என்னவென்றால், இந்தச் சீட்டுகளை வைத்துப் பட்டியலைத் தானே அடுக்கிக்கொள்ளும் முறை. முதல் திரையில் கலைஞர்கள், அதில் ஒருவரைத் தொட்டால் அவருடைய ஆல்பங்கள், அதில் ஒன்றைத் தொட்டால் பாடல்கள். 2001 ஜனவரி 5-ம் தேதி இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஐபாட் அறிமுகமானது அதே ஆண்டு அக்டோபர் 23-ம் தேதி.

ஆப்பிளின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தோஷிபா செய்த 1.8 அங்குல வட்டைப் பயன்படுத்திச் சட்டைப்பையில் போடும் அளவுக்குப் பெட்டியைச் சுருக்கினார்கள். கட்டைவிரலால் சுற்றும் சக்கரம் வைத்தார்கள். வட்டு ஓயாமல் சுழன்றால் பேட்டரி தாங்காது என்பதால், வரப்போகும் பாட்டுகளை முன்கூட்டியே நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு வட்டை நிறுத்திவிடும் ஏற்பாடும் இருந்தது. திரை மட்டும் கறுப்பு வெள்ளை.

வண்ணத்திரையை முதலில் கொண்டுவந்தது ஆப்பிள் அல்ல. பிரான்ஸின் ஆர்க்கோஸ் 2002-லேயே சின்ன வண்ணத்திரையோடு ஒரு கருவி விற்றது. ஆப்பிள் 2004 அக்டோபர் 26-ல்தான் 'ஐபாட் ஃபோட்டோ'வை வெளியிட்டது. 2 அங்குலத் திரை, 65,536 வண்ணங்கள், 60 ஜி.பி. பெட்டி 599 டாலர். புகைப்படம் பார்ப்பதற்கு என்று சொல்லி விற்றார்கள். தீப்பெட்டி அளவுத் திரையில் கல்யாண ஆல்பம் பார்க்க யார் ஆசைப்படுவார்கள்? மக்களுக்குப் பிடித்தது வேறொன்று. பாட்டு ஓடும்போது அந்த ஆல்பத்தின் அட்டைப்படம் கூடவே தெரிந்தது. இசைத்தட்டுக் காலத்தில் ஓரடி அகலத்தில் இருந்த உறை, கேசட்டில் உள்ளங்கைக்குச் சுருங்கி, கோப்பாக மாறியபோது காணாமலே போயிருந்தது. அது திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே சாதாரண ஐபாடுக்கும் வண்ணத்திரை வந்துவிட்டது.

கிரியேட்டிவ் நிறுவனர் சிம் வோங் ஹூ. பாலிடெக்னிக் படித்தவர், ஹார்மோனிகா வாசிப்பவர், 1981-ல் நிறுவனத்தைத் தொடங்கியவர். கணினிக்கு ஒலி கொடுத்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை இவருடையதுதான். இவர் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையான நோய்க்குப் பெயர் வைத்தார்: 'நோ யூ-டர்ன் சிண்ட்ரோம்'. அமெரிக்காவில் 'திரும்பக் கூடாது' என்று பலகை இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பலாம். சிங்கப்பூரில் 'திரும்பலாம்' என்று பலகை இருந்தால்தான் திருப்பலாம். அனுமதி கிடைக்காமல் எதையும் செய்யாத மனம் இப்படித்தான் உருவாகிறது என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

2004 நவம்பரில் அவர் ஐபாடுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்து, விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் செலவிடப்போவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டுக் கடைசியில் வந்த அவருடைய 'ஜென் விஷன் எம்' திரையில் 2,62,144 வண்ணங்கள். எஃப்.எம். வானொலியும் குரல் பதிவும் உண்டு. ஐபாடில் இரண்டும் கிடையாது. ஆனாலும் கடையில் ஐபாடுதான் போனது. நல்ல பொருள்தான் விற்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

2005 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. 2006 மே மாதம் கிரியேட்டிவ் வழக்குத் தொடுத்தது, அதே நாளில் ஆப்பிளும் எதிர்வழக்குப் போட்டது. ஆகஸ்டில் சமரசம். ஆப்பிள் கொடுத்த தொகை 10 கோடி டாலர். போருக்கு ஒதுக்கியதாகச் சொன்ன அதே தொகை! அதோடு ஐபாடுக்குத் துணைக்கருவிகள் செய்துகொள்ளும் அனுமதியும் கிரியேட்டிவுக்குக் கிடைத்தது. வென்றவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதமே ஆப்பிள் ஐபாட் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'கலைஞர்' என்ற ஒரே கட்டத்தில் நம் பாட்டை எப்படி அடைப்பது? குரல் டி.எம்.சௌந்தரராஜன், இசை எம்.எஸ்.விஸ்வநாதன், எழுத்து கண்ணதாசன், திரையில் சிவாஜி. ஊரில் கேட்டால் 'சிவாஜி பாட்டு' என்பார்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடலாசிரியர், இசை, குரல் என்று அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழற்றுவார்கள். ஐடி3-யின் முதல் வகைப் பட்டியலில் 80 இசைவகைகள். போல்கா நடனத்துக்குக்கூட ஓர் எண் உண்டு. கர்நாடக இசைக்குக் கிடையாது. பிறகு வந்த வடிவத்தில் எழுதியவர் பெயருக்கு இடம் ஒதுக்கினார்கள். ஐபாடில் இசையமைப்பாளர் பட்டியலும் வந்தது. ஆனால் பாடலாசிரியர் பெயரைத் தொட்டு உள்ளே போகும் திரையை நான் எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. பட்டியலில் இல்லாத பெயரைப் பிள்ளைகள் எங்கிருந்து தெரிந்துகொள்வார்கள்?

என்னிடம் இருந்த வண்ணத்திரைப் பெட்டியில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பின்னாலும் எழுதியவர் பெயரை ஆங்கில எழுத்தில் சேர்த்தேன். பாதிப் பாட்டுக்கு யார் எழுதினார் என்று தெரிந்துகொள்ள, கொட்டகை வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், பாடலாசிரியர் பெயர் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். 1950-களின் படங்கள் என்றால் இன்னும் நல்லது, அவைதான் என்னிடம் நிறைய விடுபட்டிருக்கின்றன.