இரைச்சலும் செவியும்

திருநெல்வேலியின் செம்மண் தோட்டங்களிலே ஒரு காலத்தில் துலா மிதித்து, பட்டையால் நீர் இறைத்தனர். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது; கோயில் வீதிகளில் ஒலிபெருக்கி முழங்கிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலோ எறிகணைகளின் ஓசை யாழ்ப்பாணத்தவர் செவிகளைத் தாக்கிற்று. இரைச்சலால் கெட்ட செவிக்கு மருந்து உண்டா என்பது இம்மண்ணில் வெறும் ஏட்டு வினா அன்று.

வினா பழையது. வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர் சம்மட்டி ஓசையாற் செவிடராவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1713 இல் எழுதி வைத்தார். 1886 இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார் என்பார் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். பழுதற்ற செவியுடையார் ஒருவருமிலர்.

காரணம் யாது? நத்தை ஓடு போலச் சுருண்ட உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புக்கு உணர்த்துவன அவையே. பேரோசை சிலவற்றை உடனே சிதைக்கும். வேறு சில, உள்ளே தோன்றும் நச்சுப் பொருள்களாற் பின்வரும் நாட்களில் மடியும். மருந்துக்குரிய வாய்ப்பு இந்தச் சில நாட்களே.

அதிரீனற் சுரப்பியின் ஓமோனாகிய கோட்டிசோன் 1948 இல் மூட்டு வாத நோயாளிக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது. அப்பணிக்கு 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மருந்துகள் அழற்சியைத் தணிப்பன. காரணம் அறியாது திடீரென வரும் செவிட்டுத்தன்மைக்கு அவை உதவுவதாக 1980 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே வெடியோசையால் தாக்குண்டோர்க்கும் மாத்திரையாகவோ, செவிப்பறை வழியே ஊசியாகவோ கொடுக்கலாயினர். எனினும் மருந்தின்றியும் சிலர் தேறுவதால், பயனை அறுதியிட்டு உரைத்தல் எளிதன்று. 1994 இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வில், மக்னீசியம் உட்கொண்ட படைவீரர்க்கு நிலையான கேடு குறைவாயிருந்தது. ஆயினும் இரைச்சற் செவிட்டைக் குணமாக்கும் மருந்தென ஒப்புதல் பெற்றது இன்றுவரை எதுவுமில்லை.

1988 இல் ஒரு வியப்பு வெளிப்பட்டது: பேரோசையால் மயிர்க்கலங்களை இழந்த கோழிக்குஞ்சின் செவியில் அவை மீண்டும் முளைத்தன! மனிதர்க்கோ அப்பேறு இல்லை. மனிதச் செவியிலும் அவற்றை முளைப்பிக்க அறிஞர் முயல்கின்றனர்.

இவ்வரலாறு கூறும் பாடம் ஒன்றே: காயம்பட்ட கலத்தை மருந்து காக்கக்கூடும்; மாண்ட கலத்தை எழுப்பாது. வெடியோசைக்குப் பின் செவி அடைத்தாலோ இரைந்தாலோ, எண்ணெய் காய்ச்சி விட்டுவிட்டு வாரக்கணக்கிற் காத்திருத்தல் தகாது; அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே எல்லை என்பர். ஓசை மூன்று டெசிபெல் கூடினால் அந்நேரம் பாதியாகும். இயந்திரத்தருகே செவிக்காப்பு அணிதலும், ஒலிபெருக்கியை விட்டு விலகி அமர்தலும் எந்த மருந்தினும் உறுதியானவை.