ஒரு கருவிக்கு மூன்று பெயர்

தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திற்கு இருபது திருகு அளவிகள் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதினால் விலைப்பட்டியல்கள் வரும். சேலத்துக் கடைக்காரர் அதை 'ஸ்குரூ காஜ்' என்பார். சென்னைக்காரர் 'மைக்ரோமீட்டர்' என்பார். அறிவியல் கருவிகளுக்குப் பேர்போன அரியானாவின் அம்பாலாவிலிருந்து வரும் பட்டியலோ, ஒரு பெட்டிக்கு விலை சொல்லும். பெட்டியில் எத்தனை? அலகு ஒன்றாகாதவரை எந்த இரண்டு அளவுகளையும் ஒப்பிட முடியாது என்பது இயற்பியலின் முதல் பாடம். கொள்முதலுக்கும் அதுவே முதல் பாடம்.

இந்திய அரசு இத்தொல்லைக்கு ஒரு வழி கண்டது. ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே பேரம் பேசுவதற்குப் பதில், மையமான ஒரு துறையே பேசிவிடுவது என்பதுதான் அது. 1922இல் இந்தியப் பண்டகத் துறை ஏற்பட்டது. 1951 முதல் அப்பணியை வழங்கல் மற்றும் கழிவு தலைமை இயக்ககம் ஏற்றது. அது விற்பவர்களோடு 'விலை ஒப்பந்தம்' செய்துகொள்ளும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த விலையிலேயே அலுவலகங்கள் நேராக ஆணை அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அச்சிட்ட பட்டியல் சந்தையின் வேகத்திற்கு ஓடுமா?

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க முனைந்தது அமெரிக்க இராணுவம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரே உதிரிப்பாகம் ஒவ்வொரு படையிலும் ஒவ்வொரு பெயரில் இருந்தது. ஒரு கிடங்கில் குவிந்து கிடப்பது, பக்கத்துக் கிடங்கில் 'இல்லை' என்றாகும்! 1952இல் பொருள்களுக்குப் பொதுப் பட்டியல் வகுக்கச் சட்டமே இயற்றினார்கள். வணிகத்திற்கு அதுபோன்ற முறை 1998இல் வந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் டன் அண்டு பிராட்ஸ்டிரீட் நிறுவனமும் சேர்ந்து எட்டு இலக்கக் குறியெண் முறை ஒன்றை வகுத்தன. 41 என்றால் ஆய்வுக்கூட, அளவைக் கருவிகள். 4111 என்றால் அவற்றுள் அளக்கும், சோதிக்கும் கருவிகள். இப்படி இரண்டிரண்டு இலக்கமாகக் கிளை பிரிந்து, கடைசி இரண்டில் பொருள் நிற்கும். நூலகத்தில் புத்தகம் தேடுவது போலத்தான்.

இதே காலத்தில் பட்டியல் கணிப்பொறிக்குள் போயிற்று. 1996இல் தொடங்கிய அரிபா போன்ற நிறுவனங்கள் கொள்முதல் மென்பொருள்களை உருவாக்கின. விற்பவர் புதிய பட்டியலை அனுப்பியதும், மென்பொருள் அதைப் பழையதோடு வரிவரியாக ஒப்பிடும். எந்த விலை ஏறியது, எந்தப் பொருள் நீங்கியது என்று காட்டும். மனிதர் ஒப்புதல் தந்த பின்பே அது வழக்கிற்கு வரும். இந்த ஒப்புதல்தான் உயிர்நாடி என்பேன். அதைக் கடனே என்று செய்கிற இடத்தில், ஏறிய விலை யார் கண்ணிலும் படாமல் நுழைந்துவிடும்.

நம் நாட்டில் 2016 ஆகஸ்டில் அரசு மின்சந்தையான 'ஜெம்' தொடங்கிற்று. 2017 அக்டோபருடன் பழைய இயக்ககம் மூடப்பட்டது.

குறியெண் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். 0.01 மில்லிமீட்டர் மீச்சிற்றளவுள்ள திருகு அளவியும் 0.001 உள்ளதும் ஒரே இனம், விலையோ வேறு. ஆகவே வீச்சு, மீச்சிற்றளவு, விலைக்குரிய அலகு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் தனிக் கட்டம் உண்டு. சேலத்துச் சிறு கடைக்காரர் மீச்சிற்றளவுக் கட்டத்தை வெறுமையாக விட்டால், நீங்கள் 0.01 என்று தேடும்போது அவர் பொருள் திரைக்கே வராது. சரக்கு அவர் அலமாரியில்தான் இருக்கும். ஆணை அம்பாலாவுக்குப் போய்விடும்.