கண்விழி இல்லாமல் பிறந்த 11 குட்டிகள்

இன்னைக்குக் கதை 1930களின் டெக்சஸ்ல நடக்குது. கதாநாயகி ஒரு பன்றி.

டெக்சஸ் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிரெட் ஹேல் என்பவர் கால்நடைத் தீவனத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். இன்னும் குட்டி போடாத ஓர் இளம் பன்றிக்கு, வைட்டமின் ஏ குறைவான தீவனத்தையே தொடர்ந்து கொடுத்தார். சினை பிடிப்பதற்கு முன்பு 160 நாள், சினையான பிறகு முதல் 30 நாள். ஏன் இவ்வளவு நாள்? வைட்டமின் ஏ கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். அந்த ஸ்டாக் தீர்ந்தால்தான் பற்றாக்குறை வேலையைக் காட்டும்.

அந்தப் பன்றி 11 குட்டி போட்டது. ஒன்றுக்குக்கூட கண்விழி இல்லை. 1933ல் ஹேல் இதை ஒரு மரபியல் இதழில் வெளியிட்டார்.

இது ஏன் பெரிய விஷயம்னா, அன்றைய அமெரிக்காவில் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், 'பரம்பரைக் கோளாறு' என்று முடிவு கட்டுவது சகஜம். அது வெறும் பேச்சோடவும் நிக்கலை. 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று, 1927ல் பக் எதிர் பெல் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்திருந்தது.

ஹேல் மேலும் சோதித்துப் பார்த்தார். கண்ணில்லாமல் பிறந்த பன்றிகள் வளர்ந்ததும், அவற்றுக்குப் போதுமான வைட்டமின் ஏ கொடுத்து, அவற்றுக்குள்ளேயே இணைசேர்த்தார். குறை ரத்தத்தில் இருந்தால் குட்டிகளுக்கும் வந்திருக்கணும். வரலை. நல்ல கண்களோடு பிறந்தன. நம்ம பாஷைல சொன்னா, சோர்ஸ் கோட் சரியாத்தான் இருந்தது. அது ஓடுற சூழல்லதான் பிரச்சினை.

அடுத்தடுத்த சோதனைகளில், பற்றாக்குறைத் தீவனம் தின்ற பன்றிகளுக்குப் பிளவுபட்ட உதடு, இடம் மாறிய சிறுநீரகம் என வேறு குறைகளோடும் குட்டிகள் பிறந்தன. பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். அதில் முதல் மாதத்திலேயே முக்கிய உறுப்புகளுக்கு அடித்தளம் போட்டாகிவிடும். அந்த நேரத்தில் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஒரு அமிலம்தான், எந்த மரபணு எப்போ வேலை செய்யணும்னு ஆணை கொடுக்குது. இது ரொம்பப் பிற்காலத்தில் தெரியவந்த விஷயம். 1940களில் சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர், தாய் எலியின் உணவுக் குறைபாடு குட்டிகளை எப்படிப் பாதிக்கிறது என்று வரிசையாகக் காட்டினார். பிறவிக் குறைகளுக்கான காரணங்களைத் தேடும் அறிவியல் இப்படித்தான் வேர்விட்டது.

அதுக்காக வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போட்டுக்காதீங்க. அதிகமானாலும் கருவுக்கு ஆபத்து. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை வைட்டமின் ஏ-யின் உறவுக்காரன்தான். 1982ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறவிக் குறைகளோடு குழந்தைகள் பிறந்ததாகச் சீக்கிரமே செய்திகள் வந்தன. இன்றைக்கும் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

கடைசியா ஒண்ணு. 'பரம்பரைதான் காரணம்'ங்கிறதை விட்டுட்டு, 'அம்மா சரியாச் சாப்பிடலை'ன்னு பழியை அந்தப் பக்கம் திருப்புறது சுலபம். ஆனா, டெக்சஸ்ல அந்தப் பன்றி தன் தீவனத்தைத் தானே தேர்ந்தெடுக்கலை. தொட்டியில் போட்டதைத்தான் தின்னுச்சு. ஒரு கர்ப்பிணியின் தட்டில் கீரையும் முட்டையும் இல்லைன்னா, ஏன் இல்லைன்னு வீட்டையும் ஊரையும்தான் முதல்ல கேக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.